ஓரமே தீவு

உலகின் சின்னஞ்சிறு தீவுகளைப் பரப்பளவு வாரியாக அடுக்கிய பட்டியலைப் பலரும் பார்த்திருப்போம். டோக்கெலாவ் 12 சதுர கிலோமீட்டர், கோகோஸ் தீவுகள் 14, நவ்ரு 21, துவாலு 26, லட்சத்தீவுகள் 32, நார்ஃபோக் 35, பிட்கெய்ர்ன் 47, பெர்முடா 54. இவற்றுள் நவ்ருவும் துவாலுவும் ஐ.நா.வில் இடம்பெற்ற தனி நாடுகள். மற்றவை நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இந்தியா, பிரிட்டன் ஆகியவற்றின் ஆளுகையில் உள்ள பகுதிகள். எட்டையும் கூட்டினால் 241 ச.கி.மீ. வரும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 ச.கி.மீ. என்பதால், இத்தனையையும் சென்னைக்குள் இறக்கிவைத்த பிறகும் 185 ச.கி.மீ. மிச்சம் இருக்கும்.

பட்டியல் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் டோக்கெலாவுக்கு வேறொரு நூலில் 10 என்று போட்டிருப்பார்கள். எந்த அச்சகத்தின் பிழையும் அல்ல இது. பெரிய நாட்டின் பரப்பளவு ஓரளவு நிலையான எண். சிறிய தீவின் பரப்பளவோ எதை நிலம் என்கிறோம், எந்த நேரத்தில் அளக்கிறோம், யார் அளக்கிறார் என்பதையெல்லாம் பொறுத்து மாறக்கூடியது. காரணம் எளிய வடிவியலில் இருக்கிறது.

பத்து ஹெக்டேர் பரப்புள்ள வட்டமான தீவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் சுமார் 178 மீட்டர், கரையின் சுற்றளவு சுமார் 1,120 மீட்டர். அந்தக் கரைக்கோட்டை வரைபவர் சுற்றிலும் ஐந்து மீட்டர் தள்ளி வரைந்துவிட்டால் அரை ஹெக்டேருக்கு மேல் கூடிவிடும்; மொத்தப் பரப்பில் ஐந்தரை சதவீதத்துக்கும் மேல். இதே ஐந்து மீட்டரை இலங்கையின் 1,340 கி.மீ. கரை நெடுகத் தள்ளினாலும் கூடுவது ஏழு ச.கி.மீ.க்கும் குறைவு. இலங்கையின் பரப்பு 65,610 ச.கி.மீ.; அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. உருவம் சிறுக்கச் சிறுக்கப் பரப்பு வேகமாகக் குறையும், சுற்றளவு மெதுவாகக் குறையும். ஆகவே தீவு சிறியதாக ஆக ஆக, அதில் உள்நிலம் என்று சொல்லத்தக்கது அருகிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் ஓரமே தீவாகிவிடுகிறது. சிறு தீவுகளைப் பற்றிய விந்தைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் விந்தை, அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்பது. கடல் ஒரு நாளில் ஏறுகிறது, வற்றுகிறது. நிலப்படம் வரைபவர்கள் பொதுவாக ஏற்றத்தின்போது தண்ணீர் தொடும் கோட்டைக் கரையாகக் கொள்வார்கள். மாலுமிகளுக்கான கடற்படம் வரைபவர்களுக்கோ வற்றத்தின்போது தெரியும் கோடு முக்கியம். கப்பலின் அடிப்பாகம் எங்கே தட்டும் என்பது அவர்கள் கவலை. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று மட்டுமே வேறுபாடு உள்ள கடல்களில் இது பெரிதாகத் தெரியாது. பிரான்சின் நார்மண்டிக் கரைக்கு எதிரே உள்ள ஜெர்சி தீவில் இந்த வேறுபாடு 12 மீட்டர்வரை போகும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. ஜெர்சியின் பரப்பு சுமார் 120 ச.கி.மீ. என்பார்கள், கடல் முழுக்க வற்றும் நாட்களில் அதைச் சுற்றிப் பாறையும் மணலுமாக இன்னொரு நிலமே வெளிப்பட்டுவிடும்.

ஜெர்சிக்குத் தெற்கே மின்கியே என்றொரு பாறைத்திட்டு உண்டு. வற்றத்தின்போது அது ஜெர்சியையே மிஞ்சும் அளவுக்குப் பரந்து கிடக்கும். ஏற்றத்தின்போது அத்தனையும் மூழ்கி, தலைகாட்டுபவை ஒருசில பாறைகள் மட்டுமே. அவற்றில் பெரியதான மெத்ரெஸ் தீவின் நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். மீனவர்கள் கட்டிய சில கல்வீடுகளும் ஒரு கழிப்பறையும் அங்கே இருக்கின்றன. பிரிட்டிஷ் தீவுகளின் தென்கோடிக் கட்டடம் என்ற பெருமை அந்தக் கழிப்பறைக்கு உண்டு. இந்தத் திட்டுக்காகவும், இதைப் போன்ற எக்ரெஹோ திட்டுக்காகவும் பிரிட்டனும் பிரான்சும் சர்வதேச நீதிமன்றம் வரை போயின. 1953-ல் தீர்ப்பு பிரிட்டனுக்குச் சாதகமாக வந்தது. ஒரு நாளில் இரு முறை பெருநிலமாகவும் இரு முறை சில கற்களாகவும் மாறும் இந்த இடத்துக்குப் பரப்பளவு என்று எந்த எண்ணை எழுதுவது?

கடல் சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி தீவு என்பது இயற்கையாக உருவான நிலமாக இருக்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்திருக்க வேண்டும். ஏற்றத்தின்போதும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பரப்பளவுக்குக் கீழ்வரம்பு கிடையாது. ஆனால் அந்தத் தீவிலிருந்து கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கோடு வற்றத்தின் கோடு. தீவா இல்லையா என்று தீர்மானிக்க ஏற்றம், எவ்வளவு கடல் சொந்தம் என்று அளக்க வற்றம். ஒரே தீவுக்குச் சட்டத்திலேயே இரண்டு ஓரங்கள்.

இரண்டாவது விந்தை, ஓரம் மட்டுமே உள்ள தீவுகள். துவாலு, டோக்கெலாவ், மாலத்தீவுகள், லட்சத்தீவுகள், கோகோஸ் எல்லாம் பவள வளையத் தீவுகள். நடுவில் ஆழமில்லாத காயல், அதைச் சுற்றி வளையமாகப் பவளப்பாறை, அந்த வளையத்தின்மேல் ஆங்காங்கே மணலும் பவளச் சில்லும் சேர்ந்து உயர்ந்த திட்டுகள். அந்தத் திட்டுகளின் பரப்பைத்தான் நாம் தீவின் பரப்பு என்று எழுதுகிறோம்.

இந்த வளையம் எப்படி வந்தது என்று சார்லஸ் டார்வின் யோசித்தார். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றி வந்த அவர், 1836 ஏப்ரலில் கோகோஸ் தீவுகளில் இறங்கினார். கடலில் எரிமலை ஒன்று எழுகிறது. அதன் கரையைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. காலப்போக்கில் எரிமலை மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. வெளிச்சம் தேடிப் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்பது அவர் கணிப்பு. 1842-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். சரிதானா என்று பார்க்க, லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை துவாலுவின் ஃபுனாஃபுட்டியில் ஆட்களை அனுப்பித் துளையிட்டது. 340 மீட்டர் இறங்கியும் பவளச் சுண்ணாம்பு முடியவில்லை. விடை கிடைக்க 1952 ஆயிற்று. மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் துளைக்கருவி 1,200 மீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்பைக் கடந்து எரிமலைப் பாறையைத் தொட்டது. டார்வின் இறந்து அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தகைய தீவுகளில் எதைக் கூட்டுவது, எதை விடுவது என்பதைப் பொறுத்து எண்கள் எங்கெங்கோ போகும். லட்சத்தீவுகளின் நிலப்பரப்பு 32 ச.கி.மீ.; காயல்களையும் சேர்த்தால் அதற்குமேல் சுமார் 4,200 ச.கி.மீ. வருகிறது. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் கூட்டத்தில் உள்ள பெரும் சாகோஸ் திட்டு உலகின் மிகப் பெரிய பவள வளையமாகக் கருதப்படுகிறது. அதன் பரப்பு 12,000 ச.கி.மீ.க்கும் மேல். அதில் தண்ணீருக்கு மேலே இருக்கும் தீவுகளை எல்லாம் கூட்டினால் ஆறு ச.கி.மீ.கூட இல்லை. உலகிலேயே பெரியதும் அதுதான், மிகச் சிறியவற்றில் ஒன்றும் அதுதான். எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

பவளத் தீவுகளுக்கு நேர்மாறானவை எரிமலைத் தீவுகள். தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா 121 ச.கி.மீ. தான். ஆனால் கடலிலிருந்து 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. வரைபடம் தீவை மேலிருந்து பார்த்துத் தட்டையாக அளக்கிறது. மலைச்சரிவு எவ்வளவு நீண்டாலும் அதற்குக் கணக்கு இல்லை. 30 பாகை சரிவுள்ள நிலத்தின் உண்மையான மேற்பரப்பு வரைபடம் காட்டுவதைவிட 15 சதவீதம் அதிகம். 45 பாகை என்றால் 41 சதவீதம் அதிகம். காட்டுக்கும் புல்லுக்கும் இது கூடுதல் இடம். வீடு கட்டவும் விமானம் இறக்கவும் தட்டையான நிலம் தேவைப்படுகிறவர்களுக்கு அதே சரிவு நஷ்டக் கணக்கு.

கூட்டுத் தொகையும் ஏமாற்றும். பட்டியலில் பிட்கெய்ர்ன் 47 ச.கி.மீ. என்று நவ்ருவைவிட இரு மடங்குக்கு மேல் பெரியதாக நிற்கிறது. அந்த 47-ல் 37 ச.கி.மீ. மனிதர் வாழாத ஹெண்டர்சன் தீவு. பவுன்டி கப்பலில் கலகம் செய்த மாலுமிகள் 1790-ல் வந்து ஒளிந்துகொண்டதும், அவர்களின் வழித்தோன்றல்களாக ஐம்பது பேர் அளவில் இன்றும் வாழ்வதும் 4.6 ச.கி.மீ. மட்டுமே உள்ள பிட்கெய்ர்னில். நவ்ருவில் கதை வேறு விதம். 21 ச.கி.மீ. ஒரே தீவு, பன்னிரண்டாயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பாஸ்பேட் தோண்டியதில் தீவின் நடுமேட்டில் சுண்ணாம்புக் கற்கள் ஊசி ஊசியாக எஞ்சி, நிலத்தின் ஐந்தில் நான்கு பங்கு பயிரிடவோ குடியிருக்கவோ உதவாமல் போனது. மக்கள் கரையோரப் பட்டையில் நெருக்கியடித்து இருக்கிறார்கள். உள்நிலம் இருந்த தீவையும் மனிதர்கள் ஓரம் மட்டும் உள்ள தீவாக ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாவது விந்தை, ஓரம் நகர்வது. ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963 நவம்பரில் கடலடி எரிமலை வெடித்து சுர்ட்சே என்ற புதுத் தீவு எழுந்தது. 1967-ல் வெடிப்பு ஓய்ந்தபோது அதன் பரப்பு 2.7 ச.கி.மீ. அன்றிலிருந்து அலைகள் அரித்து அரித்து இப்போது பாதியளவே மிஞ்சியிருக்கிறது.

பவளத் தீவுகளின் நகர்வு இன்னும் நுட்பமானது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் கென்ச்சும் சக ஆய்வாளர்களும் துவாலுவின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரையிலான வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கொண்டு அளந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பகுதியில் கடல்மட்டம் உலக சராசரியைவிட வேகமாக உயர்ந்துகொண்டிருந்த காலம் அது. நாட்டின் நிலப்பரப்பு குறைந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது 73.5 ஹெக்டேர், அதாவது 2.9 சதவீதம் கூடியிருந்தது. நான்கில் மூன்று தீவுகள் வளர்ந்திருந்தன, மற்றவை தேய்ந்திருந்தன.

இதில் மாயம் இல்லை. பவளத் தீவின் மணல் மலையிலிருந்து அடித்துவரப்பட்டது அல்ல. கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்து வெளியேற்றும் துகள், ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடு, அலை உடைத்த பவளச் சில்லு ஆகியவையே அங்கே மண். பவளப்பாறை உயிரோடு இருக்கும்வரை உற்பத்தி நடந்துகொண்டே இருக்கும். அலை அதை ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் சேர்க்கும். 1972 அக்டோபரில் பெபே புயல் ஃபுனாஃபுட்டியைத் தாக்கி வீடுகளைச் சின்னாபின்னமாக்கியது. அதே புயல் கடலடியிலிருந்த பவளச் சில்லுகளை வாரி எறிந்து, ஏறத்தாழ 19 கி.மீ. நீளத்துக்கு, சில இடங்களில் நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒரே நாளில் கரையில் வரப்பாகக் குவித்தும் சென்றது. அழித்த கையே நிலத்தைக் கொடுத்தது.

பவளப்பாறை அழிந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும் என்பதற்கு மன்னார் வளைகுடா சான்று. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது முக்கியக் காரணம். தூத்துக்குடியை அடுத்த வான் தீவு 1986-ல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2014-ல் சுமார் இரண்டு ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. அதன் பிறகு கான்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பவளத்திட்டுகளைத் தீவுக்கு முன்னால் கடலில் இறக்கி அரிப்பைத் தணிக்கப் பார்க்கிறார்கள்.

பணமும் மணலும் இருந்தால் ஓரத்தை மனிதர்களே வெளியே தள்ளலாம். சிங்கப்பூர் தனி நாடானபோது சுமார் 580 ச.கி.மீ. இருந்தது, கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730 ச.கி.மீ.யைத் தாண்டிவிட்டது. மாலத்தீவுகள் தலைநகர் மாலேயின் நெரிசலைக் குறைக்க 1997 முதல் பவளப்பாறைமேல் மணலைக் கொட்டி ஹுல்ஹுமாலே என்ற தீவையே உண்டாக்கின. நிலத்தை இப்படி வாங்க முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் இடையிலான இடைவெளி ஒரு பரப்பளவுப் பட்டியலில் தெரியாது.

சரி, துவாலு வளர்ந்திருக்கிறதே, அப்படியானால் அபாயம் இல்லையா? இங்கேதான் பரப்பு என்ற ஒற்றை எண் கைவிடுகிறது. வாழ்வதற்கு நிலம் மட்டும் போதாது, குடிநீர் வேண்டும். சிறு பவளத் தீவில் ஆறும் ஏரியும் கிடையாது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கும். உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால் இது நடக்கிறது. நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்த வில்லையின் வடிவில் அது தங்கும். நெதர்லாந்தின் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் நூறாண்டுக்கு முன்பே தனித்தனியாகக் கண்டுபிடித்த விதி இதை விளக்குகிறது: கடல்மட்டத்துக்கு மேலே நிலத்தடி நீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே பத்து சென்டிமீட்டர் குறைந்தால் கீழே நான்கு மீட்டர் போய்விடும்.

இந்த வில்லையின் தடிப்பைத் தீர்மானிப்பதில் பரப்பைவிட அகலத்துக்கே பங்கு அதிகம். ஒரு ச.கி.மீ. பரப்புள்ள இரு தீவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று வட்டம், குறுக்களவு 1.1 கி.மீ., கரை மூன்றரை கி.மீ. மற்றது பத்து கி.மீ. நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள நாடா. கரை இருபது கி.மீ. பட்டியலில் இரண்டும் சமம். முதலாவதில் கிணறு தோண்டலாம். இரண்டாவதில் எங்கே தோண்டினாலும் கடல் ஐம்பது மீட்டருக்குள் இருக்கிறது, உப்புதான் வரும். துவாலு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் ஃபுனாஃபுட்டியின் ஃபொங்காஃபலே இப்படிப்பட்ட நாடாதான்: சுமார் 12 கி.மீ. நீளம், 20 முதல் 400 மீட்டர் அகலம். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 2011-ல் மழை பொய்த்தபோது அரசு நெருக்கடிநிலை அறிவித்து, நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் தண்ணீரையும் உப்பகற்றும் கருவிகளையும் விமானத்தில் கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்தது. மணல் சேர்ந்து பரப்பு கூடியது உண்மை. வெள்ளம் புகாத உயரமோ உப்பேறாத நீரோ அதனால் கூடிவிடவில்லை.

தீவின் ஓரத்தில் தொடங்கும் இன்னொரு சொத்து கடல். கடல் நடுவே உள்ள ஒற்றைப் புள்ளியை மையமாக வைத்து 200 கடல் மைல் ஆரத்தில் வட்டம் போட்டால் அதற்குள் சுமார் 4,31,000 ச.கி.மீ. அடங்கும். மீன்பிடிக்கவும் கடலடிக் கனிமம் எடுக்கவும் அந்தத் தீவின் சொந்தக்காரருக்கு மட்டுமே உரிமையுள்ள மண்டலம் அது. கிரிபாத்தியின் நிலம் 811 ச.கி.மீ.; மூன்று கூட்டங்களாகச் சிதறிக் கிடப்பதால் அதன் கடல் மண்டலம் சுமார் 35 லட்சம் ச.கி.மீ. இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிட அது அதிகம்.

இதனால்தான் ஜப்பான் ஒக்கினோதோரி என்ற பவளத்திட்டைக் கட்டிக் காக்கிறது. ஏற்றத்தின்போது அங்கே தண்ணீருக்கு மேலே தெரிபவை ஒரு அறைக்குள் அடங்கிவிடக்கூடிய இரண்டு பாறை முகடுகள். 1987 முதல் அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் வளையம் கட்டி, டைட்டானியம் வலைகூடப் போர்த்தினார்கள். அந்த முகடுகளை முன்வைத்து ஜப்பான் கோரும் கடல், ஜப்பானின் மொத்த நிலத்தைவிடப் பெரியது. மனிதர் வாழவோ தனக்கென்று பொருளாதாரம் நடத்தவோ இயலாத பாறைக்கு 200 கடல் மைல் மண்டலம் கிடையாது என்பது கடல் சட்டம். சீனாவும் தென்கொரியாவும் அதைச் சுட்டிக்காட்டி எதிர்க்கின்றன. தென் சீனக் கடல் வழக்கில் 2016-ல் தீர்ப்பளித்த நடுவர் மன்றம், அரை ச.கி.மீ. அளவும் கிணற்று நீரும் உடைய இட்டு அபா என்ற தீவையே பாறை என்று வகைப்படுத்தியது. எத்தனை சதுர மீட்டர் என்று அந்த மன்றம் அளவுகோல் வைக்கவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டாமல் மனிதச் சமூகம் ஒன்று அங்கே நிலைக்க முடியுமா என்று பார்த்தது.

ஓரம் நகர்ந்துகொண்டே இருந்தால் இவ்வளவு கடலும் என்னவாகும் என்ற கேள்விக்கு இப்போதுதான் பதில் உருவாகி வருகிறது. பசிபிக் தீவு நாடுகள் 2021-ல் கூடி, தங்கள் கடல் எல்லைகளை ஒருமுறை அறிவித்துவிட்டால் கடல்மட்டம் உயர்ந்தாலும் அவை குறையாது என்று பிரகடனம் செய்தன. துவாலு 2023-ல் தன் அரசமைப்புச் சட்டத்திலேயே அதை எழுதிக்கொண்டது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், கரை நகர்ந்தது என்பதற்காகக் கடல் எல்லை வரைபடத்தைத் திருத்தும் கடமை நாடுகளுக்கு இல்லை என்றது. இதுவரை கரை நகர்ந்தால் கோடும் நகரும் என்பதே நிலநூலின் வழக்கம். இனிக் கரை எங்கே போனாலும் கோடு நின்ற இடத்தில் நிற்கலாம். துவாலுவின் மீன்பிடி உரிமைக்கு அது காப்பு. அதன் வில்லையில் உப்பு ஏறுவதற்கு எந்த நீதிமன்றமும் தடை விதிக்க முடியாது. அதனால்தான் அதே துவாலு, ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்யும் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்கிறது.